பால் எந்தப் பக்கம் வழிந்தது?

ஒரு பெரிய கம்பனியில் ஒரேயொரு தமிழனாக வேலை பார்ப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் இல்லாமல் யாரும் படம் எடுக்க மாட்டார்கள். கலண்டருக்குப் படமா, கூப்பிடு அன்டனை. வருடாந்த அறிக்கைக்குப் படமா, அன்டன் எங்கே? எல்லா இனத்தவரும் இங்கே ஒன்று என்று கீழே ஒரு வரி போடுவதற்கு மேலே ஒரு தமிழன் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டுமே. கொள்ளுப்பிட்டியில், காலி வீதியின் கடற்கரைப் பக்கம் நின்ற எங்கள் தலைமை அலுவலகத்தில் இருந்த மற்றத் தமிழர்கள் ஒவ்வொருவராகக் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர, சிரிப்பதற்கு மிஞ்சியவன் நான்.

விழாக்களில் குத்துவிளக்கின் ஒரு திரியைக் கொளுத்துவதும் நான்தான். (கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் குத்துவிளக்கே கிடையாது. நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். பெயரைக் கேட்டாலே தெரிய வேண்டாமா?)

படத்தில் நிற்பதற்காக எனக்குச் சம்பளம் தரவில்லை. கப்பலில் வரும் சரக்குகளில் உடைந்ததை, நனைந்ததை, காணாமல் போனதைக் கண்டுபிடித்து, இன்சூரன்ஸ்காரரோடு மல்லுக்கட்டி நட்டஈடு வாங்குவது என் வேலை. நல்லாகவே செய்தேன், அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. அறிக்கைகளை நான் எழுதுவேன். எங்கள் பிரிவு முகாமையாளர் மிஸ்டர் லயனல் கடைசிப் பக்கத்தில் தன்னுடைய அழகான கையெழுத்தைப் போட்டு மேலே அனுப்புவார். மேலே இருந்து பாராட்டு வரும். அது லயனலின் மேசை வரைக்கும் வரும், அதற்கு இங்கால வராது.

உதவி முகாமையாளர் பதவிக்கு நான் ஆசைப்பட்டு வருடக்கணக்காயிற்று. நான் வேலை பழக்கிய பொடியன்கள் அந்தக் கதிரையில் ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "அன்டன், அந்த ஃபைலைக் கொஞ்சம் கொண்டு வாறீரா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வாய் திறந்து கேட்கவும் பயம். யுத்த காலம். தமிழன் நியாயம் கேட்டால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மேசைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

அப்படியான ஒரு மார்கழி மாதத்தில்தான் ஆளணி முகாமையாளர் மிஸ் நெலுகா என்னைத் தன் அறைக்கு அழைத்தார். தங்கமான மனுஷி. உலகத்தில் எல்லோரும் எல்லோரோடும் சந்தோஷமாக இருக்க வேண்டும், அதுவும் வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்று மனமார நம்பியவர்.

"தை மாதம் லண்டனில் இருந்து டைரக்டர் வருகிறார்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "எங்கள் கம்பனியில் எல்லாரையும் சமமாக நடத்துகிறோமா என்று பார்க்கத்தான் வருகிறார். நாங்கள் பொங்கல் வைக்கப் போகிறோம். நீங்கள்தான் பொறுப்பு. பொங்கல் உங்களுடையதுதானே?"

"இல்லை மிஸ், நான் கத்தோலிக்கன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அதே கிழமைதான் பதவி உயர்வுகளைத் தீர்மானிக்கிறார்கள். டைரக்டரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்," என்றார்.

திறந்த வாயால், "பிரச்சினையில்லை மிஸ்," என்றேன்.

எனக்கு அடுத்த மேசையில் நஸீர் இருந்தான். தெஹிவளைக்காரன், கணக்கில் புலி. விஷயத்தைக் கேட்டதும் பேனையை மூடி வைத்தான்.

"மச்சான், என்னயப் பாத்துமா நீ படிக்கல்ல? ஒரு பெருநாளைக்கு ஆசைக்கு வீட்டுல செஞ்ச வட்டிலப்பம் கொண்டு வந்தன். அதுக்குப் பொறகு இந்த ஒஃபிஸ்ல நான் கணக்கு பாக்குற ஆளில்ல. வட்டிலப்பம். லிஃப்ட்ல கண்டாலும் வட்டிலப்பம் எப்படின்னுதான் கேக்குறாங்க. நீயும் பொங்கலாப் போகப் போறியா?"

"நான் உதவி முகாமையாளராகப் போறன்," என்றேன். அவன் பேனையை மறுபடி திறந்தான். தன் பழைய காரில் பானையை ஏற்றித் தருவதாக மட்டும் ஒப்புக்கொண்டான்.

பொங்கல் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடும் பக்கம் மட்டும்தான். நல்லகாலம், என் மனைவி சுகந்தி யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. (எங்கள் காதல் கலியாணம் வேறொரு யுத்தம். அதை இங்கே இழுக்கவில்லை.) வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், எங்கள் சின்ன ஃபிளாட்டில் மாமியும், அதாவது சுகந்தியின் அம்மாவும், எங்களோடு இருந்தார். ஊரில் வீட்டுக்குள் ஷெல் விழுந்த பிறகு வந்தவர். கனடா விசாவுக்காகக் காத்திருந்தார். வந்த நாளிலிருந்து வருடா வருடம் காஸ் அடுப்பில், அலுமினியச் சட்டியில் பொங்கி, ஜன்னல் வழியாகச் சூரியனுக்குக் காட்டுகிறவர்.

"வெளியில வைச்சோ பொங்கப் போறீங்கள்?" என்றார் மாமி. "மண் பானையிலயோ? மூண்டு கல்லு வைச்சோ?"

"ஓம் மாமி. கம்பனிச் செலவு."

மாமியின் முகம் மாறிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு வகுப்பு நடந்தது. மாக்கோலம் எப்படிப் போடுவது, பானைக்கு இஞ்சி இலையும் மஞ்சள் இலையும் எப்படிக் கட்டுவது, கரும்பை எந்தப் பக்கம் நிறுத்துவது. பாலும் தண்ணீரும் கலந்து கொதிக்க விட வேண்டும், அது பொங்கி வழிந்த பிறகுதான் அரிசி.

"முக்கியம் என்ன தெரியுமோ தம்பி? பால் எந்தப் பக்கத்தால வழியுது எண்டு பாக்க வேணும். கிழக்கால வழிஞ்சா அந்த வருசம் நினைச்ச காரியம் கைகூடும். அவர் இருக்கேக்க, பால் பொங்கி எழும்பிற நேரம் பாத்துச் சீனவெடி கொளுத்துவார். ஊரெல்லாம் கேக்கும். வெடிச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டில கும்பிடுவினம்."

சொல்லிவிட்டு மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் எல்லாவற்றையும் மனதில் பதித்துக்கொண்டேன்.

"எப்ப பொங்கிறது?" என்றாள் சுகந்தி.

"தைப்பொங்கல் லீவு நாளெல்லோ. அடுத்த நாள், வேலை நாளில."

"அடுத்த நாள் பட்டிப் பொங்கல்," என்றார் மாமி. "அது மாட்டுக்குப் பொங்கிற நாள் தம்பி." கொஞ்சம் யோசித்தார். "பரவாயில்லை. உங்கட ஒஃபிஸுக்குப் பொருந்தும்."

அந்த நாள் விடிந்தது. நான் விடியுமுன்பே எழும்பிக் குளித்து, காரணமில்லாமல் இரண்டாந்தரமும் குளித்தேன். செத்துப்போன மாமாவின் பட்டு வேட்டியைச் சுகந்தி மடித்துப் பையில் வைத்தாள். எனக்கு வேட்டி கட்டத் தெரியாது. எங்கள் வீட்டு ஆண்கள் கலியாணத்துக்குக் கோட், மற்ற நாட்களில் களிசான் என்கிற கால்சட்டை, வீட்டில் சாரம், அவ்வளவுதான். ஆகவே களிசானோடே அலுவலகம் போய், அதற்கு மேலேயே வேட்டியைச் சுற்றி, இடுப்பில் பெல்ட்டால் இறுக்கிவிடுவதென்று தீர்மானித்தேன். அவிழ்ந்தாலும் மானம் போகாது. இந்த யோசனை வந்தபோது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சினேன்.

நஸீரின் காரில் பானை, கல், விறகு, பின் ஜன்னலால் நீட்டிக்கொண்டு ஒரு கரும்புக் கட்டு. பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். கரும்பைத் தட்டிப் பார்த்தார்கள், பானையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சர்க்கரைப் பைக்குள் கிடந்த சின்னப் பொட்டலத்தை யாரும் பார்க்கவில்லை. நஸீரும் பார்க்கவில்லை.

அது சீனவெடி. புதுவருட இரவில் கொட்டாஞ்சேனையில் என் அண்ணன் வீட்டில் கொளுத்தி மிஞ்சியது. அந்த இரவு கொழும்பு முழுக்க வெடித்தது, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் மாதாவின் தேர் வெளியே வந்தாலும் வெடிதான். வெடி என்றால் எனக்குத் திருநாள். மாமி சொன்ன ஒன்றையும் விட்டுவிடாமல் செய்து, சைவக்காரனைவிடச் சைவமாகப் பொங்கி, அந்தக் கதிரையைப் பிடித்துவிட வேண்டும். என் மூளையில் அன்றைக்கு இருந்தது இவ்வளவுதான்.

அலுவலகத்தின் பின்பக்கக் கார் பார்க்கில்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கே வெயிலே இல்லை. கட்டடம் சூரியனை மறைத்துக்கொண்டு நின்றது. எதிரே கடல்தான் தெரிந்தது.

"மிஸ், சூரியன் இல்லாமல் பொங்க ஏலாது," என்றேன், பிறந்ததிலிருந்து பொங்குகிறவனைப் போல.

"அப்படியா? சூரியன் எங்கே இருக்கிறது?" என்றார் மிஸ் நெலுகா.

சூரியன் காலி வீதிப் பக்கம் இருந்தது. ஆகவே பானை, கல், விறகு, கரும்பு, ஊழியர்கள், டைரக்டர் எல்லாரும் முன் கேற்றுக்கு இடம் மாறினோம். கேற்றுக்கு வெளியே, மண்மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண் இருந்தது. சிப்பாய்கள் எட்டிப் பார்த்தார்கள். மிஸ் நெலுகா அவர்களுக்குக் கையசைத்தார். பூசை நடக்கும் என்று முன்கூட்டியே பொலிஸுக்கு அறிவித்திருந்தார். அவர் அறிவித்தது பூசையை மட்டும்தான்.

அடுப்பு மூண்டது. டைரக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். லயனல் அவர் காதுக்குள் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பால் கொதிக்கிற மாதிரித் தெரியவில்லை. நான் அடுப்பைச் சுற்றி நடந்தேன், விறகைத் தள்ளினேன், ஊதினேன், வேட்டியை இழுத்து விட்டேன், மணிக்கூட்டைப் பார்த்தேன். "மச்சான், கொஞ்சம் நில்லேன், எனக்கு தலை சுத்துது," என்றான் நஸீர்.

பானையின் விளிம்பில் வெள்ளையாக நுரை தெரிந்தது. பால் எழும்புகிறது. கிழக்கு எது என்று ஒருதரம் பார்த்துக்கொண்டேன். காலி வீதிப் பக்கம். அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டை ஒன்றை எடுத்து, கேற்றுத் தூணுக்குக் கீழே நான் தயாராக வைத்திருந்த சீனவெடித் திரியில் பிடித்தேன்.

அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. சீனவெடி எல்லாருக்கும் தெரியும். கொள்ளுப்பிட்டியில், யுத்த காலத்தில், காலை ஒன்பது மணிக்கு, இரண்டு உயர்ந்த சுவர்களுக்கு நடுவில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புகை கொஞ்சம் விலகியபோது கம்பனியில் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லாரும் தரையில் குப்புறக் கிடந்தார்கள். மிஸ் நெலுகா பட்டுச் சேலையோடு மாக்கோலத்தின் மேல். டைரக்டர் பூச்சாடிக்குப் பின்னால். லயனல் டைரக்டருக்குப் பின்னால். காலி வீதியில் ஒரு பஸ் அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் இருந்தவர்களின் தலைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் மட்டும், கையில் எரிகிற கட்டையோடு, செத்துப்போன மாமாவின் பட்டு வேட்டியில்.

மூன்று சிப்பாய்கள் துவக்கை நீட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள்.

"அத் உஸ்ஸன்ன," என்று ஒருவர் கத்தினார். கைகளை உயர்த்தச் சொல்கிறார். உயர்த்தினேன். கட்டை கீழே விழுந்தது. கையை உயர்த்தியதும் வயிறு உள்ளே போயிற்று, வயிறு போனதும் பெல்ட்டில் பிடிப்பு போயிற்று, மாமாவின் வேட்டி மெதுமெதுவாக இறங்கத் தொடங்கியது. அதற்குள்ளிருந்து களிசான் வெளிப்பட்டது. மானம் போகவில்லைதான். ஆனால் வேட்டிக்குள் இன்னொரு உடுப்பை மறைத்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்ததும் அந்தச் சிப்பாயின் கண்கள் இரண்டும் பெரிதாகிவிட்டன. அந்தக் காலத்தில் உடுப்புக்குள் எதை மறைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அடையாள அட்டை," என்றார் சிங்களத்தில்.

அட்டை களிசான் பையில் இருந்தது. களிசான் பை, பாதி இறங்கிய வேட்டிக்குள் இருந்தது. நான் அவசரக்குடுக்கை. கேட்டதும் கை தன்பாட்டில் வேட்டிக்குள் போயிற்று.

துவக்கில் ஏதோ கிளிக் என்றது.

"மச்சான்," என்று தரையிலிருந்து நஸீரின் குரல் மெதுவாகக் கேட்டது. "கைய வெளிய எடு. நான் கும்பிட்டுக் கேக்கிறன்."

எடுத்தேன். எடுத்த வேகத்தில் வேட்டி முழுவதும் விழுந்துவிட்டது. நான் சாகப் போகிறேன், அதுவும் மாட்டுப் பொங்கலன்று சாகப் போகிறேன் என்று நினைத்தேன். சுகந்தியை நினைத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தக் கதிரையையும் நினைத்தேன்.

அப்போது மிஸ் நெலுகா கோலத்திலிருந்து தலையைத் தூக்கினார். நெற்றி முழுக்க அரிசிமா. "சுடாதீங்கோ, சுடாதீங்கோ. அவர் அபே தெமள மஹத்தயா," என்று சிங்களத்தில் கத்தினார்.

எங்கள் தமிழ் ஐயா என்று அர்த்தம். என் உயிரைக் காப்பாற்றிய வார்த்தை. அன்றைக்கும் இன்றைக்கும் அந்த மனுஷிக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் உயிர் தப்பிய அந்த நிமிஷத்திலேயே என் மனதுக்குள் ஒரு பொல்லாத குரல், பெயரைச் சொல்லியிருக்கலாமே, கிளெயிம்ஸ் பார்க்கும் அன்டன் என்று சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தது. தோளில் துவக்கு முட்டிக்கொண்டிருக்கிறது, எனக்கு இந்தக் கவலை.

சிப்பாய் துவக்கைக் கொஞ்சம் தாழ்த்தினார். பக்கத்தில் நின்றவர் என் பையிலிருந்து அட்டையைத் தானே எடுத்துக் கொடுத்தார். இவர் அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இங்கே உமக்கு என்ன வேலை?"

அந்தக் கட்டடத்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். எனக்குள் ஏதோ கட்டறுத்துக்கொண்டு வந்தது. கைகளை உயர்த்தியபடியே, எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் திரட்டிச் சொன்னேன். கப்பல் சரக்கைச் சொன்னேன். நனைந்த சீமெந்தைச் சொன்னேன். போன வருடம் உடைந்து வந்த தரை ஓடுகள் கப்பலில் உடையவில்லை, ஏற்றுமுன்பே உடைந்தவை என்று பெட்டியின் வைக்கோலை வைத்து நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். அந்த அறிக்கையை எழுத நான் விழுந்து எழும்பியதைச் சொன்னேன்.

"ஹரி, ஹரி," என்றார் சிப்பாய். சரி, போதும் என்கிறார். நான் நிறுத்தவில்லை.

பூச்சாடிக்குப் பின்னாலிருந்து டைரக்டர், இந்த மனிதன் என்ன சொல்கிறான் என்று மிஸ் நெலுகாவைக் கேட்டார். படுத்தபடியே அவர் மொழிபெயர்த்தார். டைரக்டர் முழங்காலில் எழுந்தார். "அந்தத் தரை ஓட்டு அறிக்கையா? அது இவருடையதா?" என்று கேட்டுவிட்டு லயனலைத் திரும்பிப் பார்த்தார். லயனலுக்கு எழும்பும் எண்ணமே இல்லை. படுத்த இடத்திலேயே சட்டைக் கையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக எல்லாரும் எழுந்து பானையைத் திரும்பிப் பார்த்தபோது பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்து, ஓய்ந்திருந்தது. நாலு பக்கமும் ஈரம். அதன் மேல் சப்பாத்துத் தடங்கள்.

மிஸ் நெலுகா அந்த நிலையிலும் படம் எடுக்க வைத்தார். என்னை அதன் பிறகுதான் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் வரைக்கும் ஒரு மர வாங்கில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தேன். மிஸ் நெலுகா வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சுகந்தி அழுதாள், பிறகு வேட்டி விழுந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் தவித்தாள். மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி, நாங்கள் ஊரில என்ன செய்தனாங்கள் எண்டுதானே சொன்னனான். அதைக் கொள்ளுப்பிட்டியில செய்யச் சொன்னனானோ?"

அப்புறம் கொஞ்சம் தள்ளி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது கிடக்கட்டும். பால் எந்தப் பக்கத்தால வழிஞ்சது?"

எனக்குத் தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு கம்பனியே குப்புறப் படுத்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் டெலிபோன் அடித்தால் எழும்பினேன், அடிக்காவிட்டாலும் எழும்பினேன். வேலையிலிருந்து நிற்கச் சொல்லப்போகிறார்கள் என்று மேசை லாச்சியைக்கூடத் துப்புரவாக்கி வைத்தேன். கூப்பிட்டார்கள். உதவி முகாமையாளர் என்றார்கள். நான் மறுபடியும் கேட்டேன், மறுபடியும் அதையே சொன்னார்கள்.

அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க எனக்கு ஒரு பகல்கூடக் கிடைக்கவில்லை. "பார்த்தீர்களா அன்டன், எங்கள் கம்பனி எல்லா இனத்துக்கும் இடம் கொடுக்கும்," என்றார் மிஸ் நெலுகா, கண்கலங்கி. டைரக்டர் பயந்துபோய்க் கொடுத்தது என்று லயனல் சாப்பாட்டறையில் சொன்னதாகக் கேள்வி. பொடியன்கள் அதற்குச் சீனவெடிப் புரமோஷன் என்று பெயர் வைத்தார்கள். நஸீர் மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "சந்தோசம் மச்சான். நானும் வட்டிலப்பத்துக்குள்ள ஒரு வெடி வெச்சிருக்கலாம்," என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுக்கு அந்தப் பதவி கிடைக்கவேயில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

வருடாந்த அறிக்கையில் அந்தப் படம் வந்தது. களிசானுக்கு மேல் வேட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு நான், பக்கத்தில் நெற்றியில் மாவோடு மிஸ் நெலுகா, ஓரத்தில் வெட்ட மறந்த துவக்கின் நுனி. அடுத்த மார்கழியில் அவர் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்.

"மிஸ், நான் கத்தோலிக்கன்."

அவர் திகைத்துப் போனார். "அப்ப எங்கட தமிழர் யார்?" என்று கேட்டார்.

யுத்தம் முடிந்து, கம்பனியும் என்னை ஓய்வில் அனுப்பிவிட்டது. மாமி எப்போதோ கனடா போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் நான் இன்றைக்கும் "அபே தெமள மஹத்தயா"தான். குப்பை வாளியை வெளியே வைப்பதென்றாலும் சுகந்தி அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமி டொரண்டோவிலிருந்து போன் எடுப்பார், சுகம் விசாரிப்பார், பிறகு அதே கேள்வியைக் கேட்பார். தெரியாது மாமி என்றே இத்தனை வருடமும் சொல்லி வந்தேன். இந்த வருடம் அவருடைய குரல் மிகவும் மெலிந்து கேட்டது. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

"கிழக்கால மாமி," என்றேன். "நல்லா ஞாபகம் இருக்கு. காலி வீதிப் பக்கம்."



"அதுதானே பாத்தன்," என்றார் மாமி. "இல்லாட்டி உங்களுக்கு அந்த வேலை கிடைச்சிருக்குமே?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "மாமி, அந்த வருசம் நான் ஒரு அறிக்கை எழுதினனான். தரை ஓடு. அது கப்பலில உடையேல்லை. பெட்டிக்குள்ள இருந்த வைக்கோலைப் பாத்து நான்..."

"சரி தம்பி, சரி," என்றார் மாமி.